கறுப்புத் திரையில் ஓர் இலவசக் கணினி: ‘ஸ்பிம்’மில் நிரலை ஓட்டுவது எப்படி?

கணினித் துறை மாணவர்களை மிரட்டும் பாடங்களில் ஒன்று அசெம்பிளி மொழி. புரோசசருக்கு மிக நெருக்கமான மொழி அது. அதைப் பழகத் தனிச் சாதனம் வாங்கிப் பெற்றோரின் காசைக் கரைக்க வேண்டியதில்லை. வீட்டில் உள்ள பழைய மடிக்கணினியும் ‘ஸ்பிம்’ என்ற இலவச மென்பொருளும் போதும்.

அமெரிக்காவின் விஸ்கான்சின்–மேடிசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் லாரஸ் உருவாக்கியது இது. ‘மிப்ஸ்’ வகை புரோசசருக்கு எழுதப்படும் நிரலை நம் கணினியிலேயே இயக்கிக் காட்டும். பெயரை ஆங்கிலத்தில் பின்னிருந்து படித்தால் ‘மிப்ஸ்’ என்றே வரும். உபுண்டு லினக்ஸில் எளிதாக நிறுவலாம். விண்டோஸ், மேக் கணினிகளுக்குச் சாளர வடிவிலான ‘க்யூடி ஸ்பிம்’ உண்டு.

கட்டளைத் திரையில் ‘ஸ்பிம்’ என்று தட்டச்சு செய்து தொடங்குங்கள். ‘லோட்’ என்ற கட்டளையோடு கோப்பின் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் கொடுங்கள். பிறகு ‘ரன்’.

5ஐயும் 7ஐயும் கூட்டி டி2 ரெஜிஸ்டரில் வைக்கும் நிரல் என்று வைத்துக்கொள்வோம். ‘ரன்’ கொடுத்தும் திரையில் விடை வராது. நிரல் பழுதில்லை, காட்டும்படி நாம் சொல்லவில்லை, அது காட்டவில்லை, அவ்வளவுதான். மொத்தமுள்ள 32 ரெஜிஸ்டர்களில் டி2வின் எண் 10. ‘பிரிண்ட் $10’ என்று கேட்டால் பதினாறடிமான எண்ணில் ‘சி’ என்றும், அருகில் 12 என்றும் காட்டும்.

உண்மையான பாடம் ‘ஸ்டெப்’ கட்டளையில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு வரியை மட்டும் இயக்கும். முதலில் வரும் சில வரிகள் ஸ்பிம்மின் சொந்தத் தொடக்க வரிகள், குழம்ப வேண்டாம்.

அடிக்கடி வரும் மூன்று சிக்கல்கள்:

* ‘மெயின்’ என்ற பெயர்ச்சீட்டு இல்லாவிட்டால், அதைக் காணவில்லை என்று பிழை வரும்.
* நிரலின் கடைசியில் திரும்பும் கட்டளையோ முடிக்கும் கட்டளையோ இல்லாவிட்டால், ஓட்டம் வெற்று நினைவகத்துக்குள் போய் நின்றுவிடும்.
* திருத்திய கோப்பை அப்படியே மீண்டும் ஏற்றினால், ஒரே பெயர் இரண்டு முறை வந்ததாகச் சொல்லும். முதலில் ‘ரீஇனிஷலைஸ்’ கொடுத்துவிட்டு ஏற்றுங்கள்.

இங்கே எத்தனை முறை தவறினாலும் எந்தச் சாதனமும் கெடாது. ஆனால் தேர்வு மண்டபத்தில் ஸ்பிம் துணைக்கு வராது. ஆகவே ‘ஸ்டெப்’ தட்டும் முன், எந்த ரெஜிஸ்டரில் என்ன எண் வரும் என்பதைத் தாளில் எழுதிவிடுங்கள். திரை சொல்வதும் தாள் சொல்வதும் ஒன்றாகும்வரை பழகுங்கள்.