ஒரு கல்லுக்கு இரண்டு குளியாட்கள்

வேம்பார், முத்துக்குளித்துறைக் கடற்கரையின் பழைய துறைகளில் ஒன்று. அந்தக் கால முத்துத் தோணியில் பத்துக் குளியாட்கள் இருப்பார்கள். மூழ்குவதற்கான கற்களோ ஐந்துதான். ஒருவர் மேலே வந்து மூச்சு வாங்கும்போது இணையாள் அதே கல்லைப் பற்றி இறங்குவார். கல் சும்மா கிடப்பதில்லை.

பலருக்கு ஒரே நேரத்தில் பணிபுரியும் சர்வர் கணிப்பொறிகளிலும் இதே உத்தி உண்டு என்றால் வியப்பாக இல்லையா?

செயலியின் கணக்கிடும் பகுதியைக் 'கரு' என்போம். 3 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள கரு, ஒரு நானோ நொடியில் மூன்று முறை துடிக்கிறது. அந்நேரத்தில் ஒளியே 30 செ.மீ. தான் செல்லும்! நினைவகத்திலிருந்து ஓர் எண் வந்து சேர ஏறத்தாழ 100 நானோ நொடி ஆகலாம். அதற்குள் 300 துடிப்புகள் வீண்.

இதைத் தவிர்க்க, ஒரே கருவில் இரண்டு வேலைகளின் நிலையைக் குறித்துவைக்க இரண்டு தொகுதிப் பதிவகங்களை அமைத்தார்கள். ஒரு வேலை காத்திருக்கையில் மற்றது நடக்கும். இவ்வேலைகளுக்கு 'இழைகள்' என்று பெயர். 2002இல் இன்டெல்லின் சியான் சர்வர் செயலியில் இது வந்தது. சில்லின் பரப்பு 5 விழுக்காட்டுக்கும் குறைவாகவே கூடியது. வேகமோ சில பணிகளில் 30 விழுக்காடு வரை உயர்ந்தது. இருமடங்காகவில்லை என்பதைக் கவனியுங்கள். கல் ஒன்றுதானே!

இங்கேதான் ஒரு சிக்கல். இரண்டு கருக்கள் உள்ள கணிப்பொறி, தன்னிடம் நான்கு செயலிகள் இருப்பதாகக் காட்டும். வேலைகளைப் பங்கிடும் தண்டல், இயக்க முறைமை. இரண்டே வேலைகள் இருக்கும்போது அது இரண்டையும் ஒரே கருவில் ஏற்றிவிட்டால்? ஒரு கல்லுக்கு இருவர் முட்டிமோத, மற்றொரு கல் தூங்கும். விண்டோஸ் 2000 இந்த வேறுபாட்டை அறியாதது. 2003இல் வந்த விண்டோஸ் சர்வரும், அடுத்த ஆண்டுகளில் லினக்ஸ் 2.6உம் இதைக் கற்றுக்கொண்டன: முதலில் வெறுமையான கருவுக்கு வேலை கொடு, பிறகே இணையிழைக்குக் கொடு.

பங்கிடுவதில் ஆபத்தும் உண்டு. ஒரே கருவிலுள்ள இழை, பக்கத்து இழையின் கால தாமதங்களை அளந்தே அதன் இரகசியத்தை ஊகிக்க முடியும். எனவே 2018இல் ஓப்பன்பிஎஸ்டி என்ற இயக்க முறைமை, இவ்வசதியை இயல்பாகவே நிறுத்தி வைத்தது. வேகமா, பாதுகாப்பா என்பதை முடிவு செய்வதும் தண்டலின் பொறுப்பாயிற்று.

உங்கள் பள்ளிக் கணிப்பொறி விண்டோஸில் இயங்கினால், டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். கருக்களின் எண்ணிக்கையைப்போல் 'லாஜிக்கல் பிராசஸர்' எண்ணிக்கை இருமடங்கா? அப்படியானால் உங்கள் தோணியிலும் ஒரு கல்லுக்கு இருவர்!