ஒரு துளி ஜெல்லில் வளரும் இரைப்பை

அறுவை சிகிச்சையில் அகற்றிய இரைப்பைத் திசுவில் ஒரு சிறு துண்டு போதும். அதைக் கழுவி, சுரப்பிகளைப் பிரித்தெடுத்து, புரத ஜெல் துளிக்குள் பதிக்கிறார்கள். வளர்ச்சிக் காரணிகள் கலந்த திரவத்தை அதன்மேல் ஊற்றி, 37 டிகிரி சூட்டில் வைக்கிறார்கள். சில நாள்களில், உள்ளே குழிந்த குட்டிக் குட்டி உருண்டைகள் நுண்ணோக்கியில் தெரிகின்றன. இவற்றுக்கு ‘ஆர்கனாய்டு’ என்று பெயர். மெல்லிய கண்ணாடி ஊசியால் அந்த உருண்டைக்குள், இரைப்பைப் புற்றுநோய்க்குக் காரணமாகும் ஹெலிகோபாக்டர் பைலோரி பாக்டீரியாவைச் செலுத்திவிட்டால், தொற்று தொடங்கும்போது மனித இரைப்பையின் செல்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று கண்முன்னே பார்க்கலாம்.

மனித இரைப்பைக்கான இந்த முறையை நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில், ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வகக் குழு 2015இல் வெளியிட்டது. அந்த ஆய்வை முன்னெடுத்த சினா பார்ட்ஃபெல்ட் அப்போது போஸ்ட்டாக் ஆய்வாளர். அதே ஆய்வகத்தில்தான் 2010இல் நிக் பார்க்கரும் மெரிச்செல் ஹுச்சும் எலியின் இரைப்பையில் திசுவைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்களை அடையாளம் காட்டினார்கள். பின்னர் பார்க்கர் சிங்கப்பூரிலும், ஹுச் பிரிட்டனிலும், பார்ட்ஃபெல்ட் ஜெர்மனியிலும் சொந்த ஆய்வுக் குழுக்களை நடத்தத் தொடங்கினார்கள்.

பிஎச்.டிக்கும் பேராசிரியர் பதவிக்கும் நடுவே வரும் இந்தப் போஸ்ட்டாக் ஆண்டுகளை வெறும் காத்திருப்புக் காலமாக நினைப்பவர்கள் நம்மிடையே அதிகம். இரைப்பைப் புற்றுநோய்த் துறையின் அனுபவம் வேறு. வகுப்பெடுக்கும் சுமையோ நிர்வாக வேலையோ அதிகம் இல்லாத இந்தக் காலத்தில்தான் துணிச்சலான சோதனைகள் நடந்திருக்கின்றன.

கேள்விகளுக்கும் பஞ்சமில்லை. 2022இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 9.7 லட்சம் பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது, சுமார் 6.6 லட்சம் பேர் இறந்தார்கள். பைலோரி புற்றுநோயை உண்டாக்கும் கிருமி என்று 1994இலேயே உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திவிட்டது. ஆனால் அந்தக் கிருமியைச் சுமப்பவர்களில் மிகச் சிலருக்கே புற்றுநோய் வருகிறது. யாருக்கு வரும், ஏன் வரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இன்னும் வழியில்லை.

நோயும் ஒரே நோயாக இல்லை. 295 கட்டிகளை அலசிய அமெரிக்காவின் புற்றுநோய் மரபணுத் தொகுப்புத் திட்டம், 2014இல் அவற்றை நான்கு வகைகளாகப் பிரித்தது. ஒரு வகையில் எப்ஸ்டீன்-பார் வைரஸின் தடயம் இருந்தது. பரம்பரையாக வரும் வகையும் உண்டு. நியூசிலாந்தில் தலைமுறை தலைமுறையாக இந்த நோய்க்கு உறவுகளைப் பறிகொடுத்த ஒரு மாவோரிக் குடும்பம், பாரி கில்ஃபோர்டின் ஆய்வுக் குழுவுடன் கைகோத்தது. 1998இல் சிடிஎச்1 என்ற மரபணுவின் பிழைதான் காரணம் என்று தெரியவந்தது. இப்போது அந்தப் பிழை இருப்பவர்கள், நோய் வருவதற்கு முன்பே இரைப்பையை அகற்றிக்கொண்டு உயிர் தப்ப முடிகிறது.

இத்துறையில் போஸ்ட்டாக் ஆய்வுக்கு வெளிநாடு போக விரும்புபவர்களுக்கு ஐரோப்பாவின் மேரி கியூரி, எம்போ உதவித்தொகைகள் உண்டு. இந்த நோய் அதிகமுள்ள ஜப்பானில் ஜேஎஸ்பிஎஸ் உதவித்தொகை, பிஎச்.டி முடித்து ஆறு ஆண்டுகளுக்குள் இருப்பவர்களுக்கு ஓராண்டு முதல் இரண்டு ஆண்டு வரை கிடைக்கிறது. இந்தியாவில் தேசிய போஸ்ட்டாக் உதவித்தொகை இரண்டு ஆண்டுகளுக்கானது. எதுவானாலும், ஏற்றுக்கொள்ளும் ஆய்வகத் தலைவரின் சம்மதம்தான் முதல் படி. அவருடைய அண்மைக் கட்டுரைகளைப் படித்து, அவற்றிலிருந்து எழும் சொந்தக் கேள்வி ஒன்றோடு கடிதம் எழுதுபவருக்கு வாய்ப்பு கூடும். செல் வளர்ப்பதோடு மரபணுத் தரவுகளைக் கணினியில் அலசவும் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது.

கடல் கடந்துதான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. இந்தியாவில் இரைப்பைப் புற்றுநோய் மிக அதிகமாகத் தாக்கும் மாநிலம் மிசோரம். சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டிலும் ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் இது நெடுங்காலமாக முன்வரிசையில் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து இந்த நோயின் மரபணுவியல் குறித்த ஆய்வுகள் வெளிவந்துள்ளன. மிசோரம் நோயாளியின் கட்டியும் சென்னை நோயாளியின் கட்டியும் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன, எந்த மருந்துக்கு எது மசியும் என்பதை நம் நோயாளிகளின் திசுவிலிருந்து வளர்த்த ஆர்கனாய்டுகளில் சோதித்துப் பார்க்கலாம். இரண்டு ஆண்டு உதவித்தொகைக்குள் தொடங்கக்கூடிய வேலைதான் இது.