வாய் கோணினால் முதலில் கண்ணைப் பாருங்கள்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் குடிகாடு, ஈச்சங்காடு பக்கத்து சிப்காட் ஆலைகளில் வேலை செய்பவர்களுக்குக் கண் எரிச்சல் பழகிப்போன ஒன்று. அவர்களில் ஒருவருக்கு முகவாதம் வந்தால், "காத்து அடிச்சிடுச்சு" என்று வீடே கோணிய வாயைப் பார்த்துக் கலங்கும். கண்ணை யாரும் கவனிப்பதில்லை. அங்கேதான் ஆபத்து.

மூடாத இமை

கண்ணை மூடும் தசை, முகத்துக்கு வரும் ஏழாவது நரம்பின் பொறுப்பு. திறக்கும் தசைக்கு வேறு நரம்பு. ஏழாவது நரம்பு வீங்கிச் செயலிழந்தால் கண் திறந்தே கிடக்கும், தூக்கத்திலும்கூட. கருவிழி உலர்ந்து புண்ணாகும். வாய்க்கோணல் பெரும்பாலும் நேராகிவிடும். கருவிழியில் விழும் தழும்பு தானாகப் போகாது. ரசாயனத் தூசியும் நெடியும் உள்ள இடத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

நெற்றியைச் சுருக்க முடிந்து வாய் மட்டும் கோணியிருந்தாலோ, கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

முதல் 72 மணி நேரம்

முகவாதத்தில் பெல்ஸ் பால்சி எனப்படும் வகைக்கு ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். சர்க்கரை நோய் இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு. இரவில் கண் களிம்பு போட்டு, இமையை நன்றாக மூடி டேப் ஒட்ட வேண்டும். டேப் கருவிழியில் உரசக் கூடாது. தாய்ப்பாலும் மூலிகைச் சாறும் ஊற்றுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வேலைக்குத் திரும்பும்போது பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி வேண்டும். தூசி இல்லாத பிரிவுக்கு மாற்றித் தரும்படி கேட்பதில் வெட்கம் எதற்கு?

நரம்பு மீளாவிட்டால்

பெல்ஸ் பால்சியில் சிகிச்சை இல்லாமலே பத்தில் ஏழு பேர் முழுதாகக் குணமாகிறார்கள். பெரும்பாலோருக்கு மூன்று வாரத்தில் அசைவு தெரியும். நான்கு மாதமாகியும் தெரியாவிட்டால் காரணத்தை மறுபடி தேட வேண்டும். கண்ணைக் காக்க இமையின் ஓரத்தைத் தைத்துச் சுருக்கலாம், பிறகு பிரித்தும்விடலாம். மேலிமைக்குள் ஒரு கிராம் அளவு தங்கத்தகடு வைத்தால் அதன் கனத்திலேயே கண் மூடும். படுத்திருக்கும்போது அந்தக் கனம் உதவாது என்பதால் இரவுக் களிம்பு தொடரும்.

தொழுநோயால் இமை செயலிழந்தவர்களுக்கு வேலூரை அடுத்த கரிகிரியில் வேறொரு வழி கைகொடுத்தது. மெல்லும் தசையிலிருந்து ஒரு பட்டையை இமைக்குத் திருப்பிவிடுவார்கள். பல்லைக் கடித்தால் கண் மூடும். அதைப் பழக மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும்.

கண் சிவந்தாலோ, வலித்தாலோ, பார்வை மங்கினாலோ ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள்.