மூலமும் பதிலியும்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில் ஆழிப்பேரலையைக் கண்ணால் கண்ட முதிய மீனவர் ஒருவரை, புதுப்பட்டினத்துக் கடற்கரையில் சில ஆண்டுகளுக்கு முன் நான் படம்பிடித்தேன். இரண்டு மணி நேரம் அவர் பேசினார். அந்தப் படத்தை முன்னிட்டே மாணவ நண்பர்களாகிய உங்களுக்குப் படத்தொகுப்பு நுணுக்கம் ஒன்றைச் சொல்ல விழைகின்றேன்.

நான்கு கே என்று வழங்கும் அளவில் பதிவான படத்தில், சட்டம் ஒன்றுக்கு அகலத்தில் 3,840, உயரத்தில் 2,160 புள்ளிகள் உண்டு; ஆக, ஏறத்தாழ 83 லட்சம். நொடிக்கு 25 சட்டங்கள் ஓடவேண்டும். இடத்தை மிச்சப்படுத்தும் பொருட்டுப் பல காமிராக்கள் ஒரு சட்டத்தை முழுமையாக எழுதி, அடுத்தவற்றில் மாறியதை மட்டும் குறித்துக்கொள்கின்றன. எனவே இடையிலுள்ள சட்டம் ஒன்றைக் காட்டவேண்டுமானால், கணினி அதன் அண்டைச் சட்டங்களையும் கணக்கிட வேண்டும். எளிய கணினி இதில் திணறிப்போகும்.

இதற்குக் கண்ட வழிதான் 'பிராக்ஸி' என்னும் பதிலிப் பிரதி. 1,280க்கு 720 என்ற அளவில் அமைத்தால், அதன் புள்ளிகள் மூலத்தில் ஒன்பதில் ஒரு பங்கே. சட்டங்களையும் தனித்தனியே முழுமையாக எழுதிவிட்டால் கணினியின் சுமை மிகவும் குறையும். புலப்படத்தில் கோடு கிழித்துப் பாகம் பிரிக்கிறோம், உழுவதோ நிலத்தில்தான். அதுபோல, பதிலியில் வெட்டி ஒட்டும்போது எந்தக் காட்சி எந்தச் சட்டம் முதல் எந்தச் சட்டம் வரை என்ற கணக்கே உருவாகிறது. முடிவில் அதே கணக்கின்படி மூலம் வந்து அமர்கிறது. இரண்டிலும் கோப்பின் பெயர், நேரக் குறி, நொடிக்குரிய சட்ட எண்ணிக்கை ஆகியவை ஒத்திருத்தல் வேண்டும். ஒன்று பிசகினாலும் வெட்டு இடம் மாறிவிடும்.

இம்முறை புதிதன்று. படச்சுருள் நாளில் நெகட்டிவைத் தொடாமல், அதன் பாசிட்டிவ் பிரதியையே கத்தரித்தார்கள். சுருளின் ஓரத்தில் அச்சாகியிருந்த எண்களை ஒப்பிட்டுப் பின்னர் நெகட்டிவை வெட்டினார்கள். கமல்ஹாசன் நடித்து 1994இல் வெளிவந்த 'மகாநதி' ஏவிட் என்னும் கணினிக் கருவியின் துணைகொண்டு தொகுக்கப்பட்டது. அக்காலத்துக் கணினித் தொகுப்பிலும் தரம் குறைந்த பிரதியே திரையில் ஓடியது.

ஆனால் பதிலி காட்டாதவையும் உண்டு. குவியம் சற்றே பிசகியிருந்தாலும் சிறிய பிரதியில் தெரியாது; வண்ணத்தின் நுட்பமும் புலப்படாது. இவ்விரண்டையும் மூலத்தில்தான் சோதிக்க வேண்டும்.

இனி என் பிழையைச் சொல்கிறேன். நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிந்த அந்த இரண்டு மணி நேரப் படம் 90 ஜிகாபைட் இடத்தை அடைத்துக்கொண்டது. வட்டில் இடம் போதவில்லை. பதிலி கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தமையால், மூலத்தை அழித்துவிட்டேன். மறு ஆண்டு பெரியவர் காலமானார். வீட்டில் மாட்டுவதற்கு அவருடைய முகத்தைப் பெரிதாக்கித் தரும்படி அவர் மகன் கேட்டார். பெரிதாக்கினேன், நெற்றிச் சுருக்கங்கள் கரைந்து வெறும் நிழலாயின. அதையே அவர் வாங்கிச் சென்றார்.

மூலம் இருந்தால் பதிலியை எத்தனை முறை வேண்டுமானாலும் உண்டாக்கலாம். பதிலியிலிருந்து மூலத்தை மீட்க முடியாது. ஆதலின் மூலத்தை இரு வேறு வட்டுகளில் எழுதி, இரண்டும் ஓடுகின்றனவா என்று பார்த்த பின்னரே தொகுக்கத் தொடங்குங்கள்.