கியர் மாற்றினால் 'டொக்' – குற்றவாளி யார்?



பாண்டி பஜார் சிக்னலில் பச்சை விழுகிறது. பெரிய எஸ்.யூ.வி. ஒன்று ஃபர்ஸ்ட் கியரில் கிளம்பும்போது அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். ஓனருக்கு உடனே வயிற்றில் புளியைக் கரைக்கும். "கியர் பாக்ஸ் போச்சு!" என்பார். பல நேரங்களில் கியர் பாக்ஸ் நிரபராதி. நாளைக்கு அந்த வண்டிக்கு அடியில் படுக்கப் போவது நாம்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

டாடா சுமோ (1994), பொலேரோ (2000), ஸ்கார்பியோ (2002) போன்ற பின்சக்கர வண்டிகளில் எஞ்சின் சக்தி கிளட்ச், கியர் பாக்ஸ், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், ஆக்ஸில் என்று கை மாறிக் கை மாறிப் போகிறது. ஒவ்வொரு இணைப்பிலும் இடைவெளி, அதாவது 'ப்ளே', சேர்ந்துகொண்டே போகும். பல் சக்கரங்களுக்கு நடுவே ஆயில் நிற்க அது கொஞ்சம் வேண்டும். ஆக்ஸிலரேட்டரை விட்டால் பற்கள் ஒரு பக்கம் சாயும், அமுக்கினால் மறுபக்கம் போய் மோதும். தேய்மானத்தால் ப்ளே கூடினால் மோதல் 'டொக்' என்று வெளியே கேட்கிறது.

"ஃபர்ஸ்ட்லயும் ரிவர்ஸ்லயும்தானே கேக்குது, அப்ப கியர் பாக்ஸ்தானே?" என்று கேட்கலாம். ஒரு சின்ன கணக்கு போடுவோம். டிஃபரன்ஷியல் விகிதம் 4:1, ஃபர்ஸ்ட் கியர் விகிதம் 4:1 என்று வைத்துக்கொள்வோம். ஆக்ஸிலில் 1 டிகிரி ப்ளே இருந்தால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் அது 4 டிகிரி, கியர் பாக்ஸ் இன்புட்டில் 16 டிகிரி! டார்க்கும் ஃபர்ஸ்டில்தான் அதிகம். ஆகவே பழுது பின்னால் இருந்தாலும் சத்தம் ஃபர்ஸ்டில்தான் பெரிதாகக் கேட்கும். போதாததற்கு, ஷாஃப்ட் ஒரு வெற்றுக் குழாய். கடைசியில் எழும் சத்தத்தை நடுவில் கொண்டுவந்து காட்டும். இந்த விஷயத்தில் காதை நம்பக்கூடாது, கையைத்தான் நம்ப வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வடிந்த பிறகு, நான் இன்பிளாண்ட் ட்ரெயினிங்கில் இருந்த ஒர்க்‌ஷாப்புக்கு மயிலாப்பூர் டிராவல்ஸ் டிரைவர் ஒருவர் வந்தார். வெள்ளத்தில் ஓட்டிய வண்டி. வேறொரு இடத்தில் கியர் பாக்ஸை இறக்கச் சொல்லிவிட்டார்களாம். "சபரிமலை சீசன் தம்பி, வண்டி நின்னா பொழப்பே நின்னுடும்" என்றார்.

மெக்கானிக் அண்ணன் ஸ்பேனரைத் தொடவே இல்லை. அவர் பார்த்த வரிசை இது:

1. சமதரை, சக்கரங்களுக்குக் கட்டை, எஞ்சின் ஆஃப், சாவி நம் பையில். கியரும் ஹேண்ட் பிரேக்கும் போட்டபின் யூனிவர்சல் ஜாயிண்டின் இருபுறமும் பிடித்து எதிரெதிராகத் திருக வேண்டும். நல்ல ஜாயிண்டில் ஆட்டமே தெரியாது. கப் ஓரத்தில் துரு நிறப் பொடி இருந்தால் உள்ளே நீடில் பேரிங் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

2. ஸ்லிப் ஜாயிண்டை மேலும் கீழும் ஆட்டிப் பார்க்க வேண்டும். கிரீஸ் இல்லாவிட்டாலும் அது 'டொக்' போடும்.

3. டிஃபரன்ஷியல் ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சூடான ஹவுசிங் வெள்ளத்தில் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, ப்ரீதர், ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும்.

4. கடைசியாக எஞ்சின் மவுண்ட், ஆக்ஸில் புஷ், யூ போல்ட். ஒருவர் பிரேக்கை நன்றாக மிதித்து, ஃபர்ஸ்டிலும் ரிவர்ஸிலும் கிளட்சை லேசாக விட வேண்டும். பக்கவாட்டில் நின்று எது துள்ளுகிறது என்று பார்க்கலாம். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ அடியிலோ ஒருவரும் இருக்கக்கூடாது!

முதல் சோதனையிலேயே பின் ஜாயிண்ட் மாட்டிக்கொண்டது. ஜி.பி. ரோட்டில் புதுசு வாங்கி வந்தோம். ஷாஃப்டைக் கழற்றுமுன் அண்ணன் பெயிண்டால் அடையாளம் போட்டார். சாய்வாகச் சுற்றும் யூனிவர்சல் ஜாயிண்ட் சீரான வேகம் தராது. முன் ஜாயிண்டின் ஏற்ற இறக்கத்தைப் பின் ஜாயிண்ட் சரிக்கட்ட வேண்டுமானால் இரண்டு யோக்கும் ஒரே நேரில் இருக்க வேண்டும். ஸ்ப்லைன் பல் மாறினால் சத்தம் போய் அதிர்வு வந்துவிடும். டிஃபரன்ஷியல் ஆயிலையும் மாற்றினோம். சாயங்காலமே வண்டி கிளம்பியது. அந்த ஜாயிண்டை அப்படியே விட்டிருந்தால், ஓட்டத்தில் உடைந்து ஷாஃப்ட் ரோட்டில் விழுந்திருக்கலாம். உள்ளே இருப்பவர்கள் கதி?

ஒன்று மட்டும் பழுதில் சேராது. சென்டர் டிஃபரன்ஷியல் இல்லாத ஃபோர் வீல் ட்ரைவ் வண்டியைக் காய்ந்த தார் ரோட்டில் 4H-ல் வளைத்தால், முன் பின் சக்கரங்கள் வெவ்வேறு தூரம் உருண்டு ஷாஃப்டில் முறுக்கு ஏறும். 2H-க்கு மாற்றும்போது அது 'டொக்'கென்று விடுபடும். டிரைவரிடம் முதலில் இதைக் கேட்டுவிடுங்கள்.

வைவாவில் கேட்டாலும் இதே வரிசையில் சொல்லுங்கள். கியர் பாக்ஸ் எப்போதும் கடைசியில் வரட்டும்!