இயங்க மறுக்கும் விளையாட்டு

கேரளத்தின் கிழக்கு எல்லையில், பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களிலும் தமிழ் பேசும் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடம் ஆகிய சிறுபான்மை மொழிகளுக்குத் தனி ஏற்பாடு செய்துள்ளது. இப்பகுதிகளில் தமிழ்வழிப் பள்ளிகளும் உள்ளன.

இம்மாநிலப் பள்ளிகளில் கணினிக் கல்வி 2001இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தின் வாயிலாகப் பரவலாயிற்று. அத்திட்டமே 2017இல் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்றது. பள்ளிக் கணினிகளில் விண்டோஸுக்கு மாற்றாக, கட்டற்ற மென்பொருளான லினக்ஸ் இயங்குதளம் நிறுவப்படுகிறது. தொடக்க வகுப்புகளுக்கான கணினிப் பாடநூலுக்குக் 'களிப்பெட்டி' என்று பெயர். மலையாளத்தில் 'களி' என்பது விளையாட்டு. தமிழில் அது மகிழ்ச்சி. இரண்டு பொருளும் அந்நூலுக்குப் பொருந்துகின்றன. எழுத்தறிதல், எண்ணறிதல், வரைதல் எனச் சிறுவர் கற்பன பலவும் இன்று கணினி விளையாட்டின் வழியே கற்பிக்கப்படுகின்றன.

கணினிகளுக்கோ ஆயுள் குறைவு. சில ஆண்டுகளில் புதுக் கணினி வந்துவிடுகிறது. பழையதில் இருந்த விளையாட்டைப் பென்டிரைவில் படியெடுத்துப் புதியதில் இட்டு, சுட்டியை இருமுறை சொடுக்கினால் ஒன்றும் நிகழ்வதில்லை. அல்லது புரியாத அறிவிப்பொன்று தோன்றி மறைகிறது. விளையாட்டு கெட்டுவிட்டது என்று எண்ணி அதனை அழித்துவிடுவோர் பலர். அம்முடிவு பெரும்பாலும் தவறானது. நிரல் பழையபடியே இருக்கிறது. அது எதிர்பார்க்கும் துணைகளுள் ஏதோ ஒன்று புதுக் கணினியில் இல்லை. எந்தத் துணை இல்லை என்று கண்டறிவதே முதல் வேலை.

எந்த இயங்குதளத்துக்கு உரியது?

ஒவ்வொரு விளையாட்டும் ஒரு குறிப்பிட்ட இயங்குதளத்தை மனத்திற்கொண்டு எழுதப்படுகிறது. இந்தியப் பள்ளி மாணவர் பலர் விளையாடிய 'டேஞ்சரஸ் டேவ்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஜான் ரொமேரோ என்பவர் 1988இல் ஆப்பிள் 2 கணினிக்காக அதனை உருவாக்கினார். பின்னர் அது டாஸ் இயங்குதளத்துக்கும் வந்தது. டாஸ் நிரல்கள் பெரும்பாலும் 16 பிட் முறையைச் சேர்ந்தவை. அதாவது, செயலகம் ஒரே வேளையில் கையாளும் தரவின் அளவு 16 இலக்கங்கள் என்று கொண்டு எழுதப்பட்டவை. இன்றைய கணினிகள் 64 பிட் முறையில் இயங்குகின்றன. விண்டோஸின் 64 பிட் பதிப்புகள் 16 பிட் நிரல்களை ஏற்பதில்லை. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11 இயங்குதளத்துக்கு 32 பிட் பதிப்பே கிடையாது.

ஆதலின் கோப்பின் வகையை முதலில் அறிதல் வேண்டும். லினக்ஸ் கணினியில் முனையத்தைத் திறந்து, 'ஃபைல்' என்னும் கட்டளையை ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டுக் கோப்பின் பெயரைத் தந்தால் அது டாஸ் நிரலா, விண்டோஸ் நிரலா, லினக்ஸ் நிரலா என்பது தெரிந்துவிடும். டாஸ் நிரலாயின் 'டாஸ்பாக்ஸ்' என்னும் இலவச மென்பொருள் உதவும். அது புதுக் கணினிக்குள்ளேயே பழைய கணினி ஒன்றைப் போலச் செய்து காட்டுகிறது. விளையாட்டும் பழைய இடத்திலேயே இருப்பதாகக் கொண்டு இயங்குகிறது. விண்டோஸ் நிரலை லினக்ஸில் இயக்க 'வைன்' என்னும் மென்பொருள் உண்டு. 1993இல் தொடங்கப்பட்ட இதன் பணி இன்றும் தொடர்கிறது. எல்லா விளையாட்டுகளும் இதில் இயங்கும் என்று உறுதி கூற இயலாது; முயன்று பார்ப்பதில் இழப்பு இல்லை.

வேகமே பகையாதல்

சில பழைய விளையாட்டுகள் இயங்கத் தொடங்கியும் விளையாட முடியாதவையாக இருக்கும். திரையில் பாத்திரம் கண்ணிமைக்கும் முன் ஓடி மடிந்துவிடும். 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணினியின் செயலகம் 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. அக்காலத்து நிரலாளர் சிலர் கடிகாரத்தைப் பார்த்து ஆட்டத்தின் வேகத்தை அமைக்காமல், செயலகத்தின் வேகத்தையே அளவுகோலாகக் கொண்டனர். கணினி விரைவாக, ஆட்டமும் விரைந்தது. பிற்காலக் கணினிகளில் 'டர்போ' என்றொரு பொத்தான் வைத்தமைக்கு இதுவே காரணம். பெயருக்கு மாறாக, வேகத்தைக் குறைப்பதற்கே அது தேவைப்பட்டது. டாஸ்பாக்ஸில் கண்ட்ரோல் விசையுடன் எஃப்11 விசையை அழுத்தினால் வேகம் குறையும். எஃப்12 விசையை அழுத்தினால் கூடும்.

பொய் சொல்லும் அறிவிப்பு

லினக்ஸ் விளையாட்டுகளிலும் இடர் உண்டு. 32 பிட் முறையில் அமைந்த விளையாட்டை 64 பிட் கணினியில் முனையத்தின் வழியே இயக்க முயன்றால், 'அத்தகைய கோப்போ கோப்புறையோ இல்லை' என்னும் பொருளுடைய அறிவிப்பு வரக்கூடும். கோப்போ கண்ணெதிரே இருக்கிறது! உண்மையில் இல்லாதது அந்த விளையாட்டுக் கோப்பு அன்று. அதனை நினைவகத்தில் ஏற்றித் தருகின்ற 32 பிட் ஏற்றியே. எது இல்லை என்பதை அறிவிப்பு கூறாமையால், கோப்பின் பெயரைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்து மனம் சலிப்போர் பலர்.

ஏற்றியையும் உரிய 32 பிட் நூலகங்களையும் நிறுவினால் இக்குறை பெரும்பாலும் நீங்கும். அதற்கு இணைய இணைப்பும் நிர்வாகியின் கடவுச்சொல்லும் தேவை. எனவே ஆசிரியர் உடனிருக்கும்பொழுதே இதனைச் செய்தல் வேண்டும். உயர்நிலைப் பள்ளிகளில் 2018இல் தொடங்கப்பட்ட 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்களில் வன்பொருள் முதலியவற்றில் பயிற்சி பெறும் மாணவரின் உதவியையும் நாடலாம்.

எழுத்து சிதைதல்

எல்லைப்புறத் தமிழ் மாணவர்க்கு எல்லாவற்றினும் பெரிய இழப்பைத் தருவது எழுத்துச் சிக்கலே. தமிழ்ச் சொல் விளையாட்டு ஒன்று குறையின்றி இயங்குகிறது, படங்கள் தோன்றுகின்றன, ஒலியும் கேட்கிறது. சொற்கள் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் நிற்கின்றன.

ஒருங்குறியில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்துவிட்டது. எனினும் அது நடைமுறைக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. இடைக்காலத்தில் எழுத்துருவுக்கோர் ஏற்பாடு இருந்தது. 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளை அறிவித்தது; 2010இல்தான் ஒருங்குறியை ஏற்றது. பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் வரையப்பட்டிருந்தன. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளாகவே கோப்பில் பதிவாகும். பாமினி உள்ள கணினியில் அவை 'அம்மா' எனத் தெரியும். அஃது இல்லாத கணினியில் அந்த ஐந்து குறிகளே அப்படியே தெரியும். சொல் அழியவில்லை, அதற்கு வடிவம் தரும் எழுத்துருதான் உடன் வரவில்லை.

தீர்வும் எளிது. பழைய கணினியில் விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள 'ஃபாண்ட்ஸ்' என்னும் உறையிலிருந்து உரிய எழுத்துருவைப் படியெடுத்து வந்து, புதுக் கணினியில் அதனை இருமுறை சொடுக்கி, 'நிறுவு' என்னும் பொத்தானை அழுத்த வேண்டும். விளையாட்டை மூடி மீண்டும் திறந்தால் தமிழ் தோன்றக்கூடும். எழுத்துருவின் பெயர் தெரியாவிடில், பழைய கணினியில் பின்னர் நிறுவப்பட்ட எழுத்துருக்கள் அனைத்தையும் படியெடுத்து, ஒவ்வொன்றாக நிறுவிப் பார்க்கலாம். சொற்பட்டியல் தனி உரைக்கோப்பாக இருப்பின், எழுத்துரு மாற்றியைக் கொண்டு அதனை ஒருங்குறிக்கு மாற்றிக் காத்துக்கொள்ளலாம்.

இவை யாவும் பழைய கணினி கையில் உள்ள வரையில்தான் இயலும். புதுக் கணினி வந்த மகிழ்ச்சியில் பழையதை மின்கழிவாகக் கொடுத்துவிட்டால், அந்த எழுத்துருவும் அதனோடு போய்விடும். ஆதலின் விளையாட்டுக் கோப்பு, அதன் அமைப்புக் கோப்புகள், எழுத்துரு ஆகிய மூன்றையும் ஒரே கோப்புறையில் இட்டு, எந்த இயங்குதளத்தில் இயங்கியது என்னும் குறிப்பையும் சேர்த்துப் படியெடுத்த பின்னரே பழைய கணினியை அனுப்ப வேண்டும்.