மடிக்கணினியின் ஒட்டுநாடாக்கள்

பழுதுற்ற மடிக்கணினியை வீட்டிலேயே திருத்த முற்படுவோர், அடிமூடியைக் கழற்றும்போது திருகாணிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பத்திரப்படுத்துவர். திருகாணி ஒன்று தொலைந்தால் அதே நீளமும் தடிப்பும் உடைய வேறொன்றைத் தேடி வாங்குவர். ஆனால் கம்பி வடங்களின் மீதும், பற்றரியின் கீழும், திரையின் விளிம்பிலும் ஒட்டியிருக்கும் நாடாக்களை உரிக்கும்போது அத்தகைய கவனம் எழுவது அரிது. கிழிந்த நாடாவைக் குப்பையில் இட்டு, மேசையிற் கிடக்கும் எந்த நாடாவையேனும் ஒட்டி மூடிவிடுகின்றனர். சில வாரங்களில் திரையின் விளிம்பு பிரிகிறது, வடம் நெகிழ்கிறது, சிலவேளை குறுஞ்சுற்று ஏற்பட்டுப் பொறியே பழுதாகிறது. ஒட்டுநாடாவும் திருகாணியைப் போன்றதோர் உறுப்பே. அது செய்துவந்த தொழிலை அறிந்தபின்னரே அதற்கு மாற்றுத் தேட இயலும்.

இன்று வீடுதோறும் காணப்படும் ஒட்டுநாடாவின் வரலாறு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு அளவினது. ஐக்கிய அமெரிக்காவில், இன்று திரீ எம் என வழங்கும் நிறுவனத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் துரூ என்பவர், மோட்டார் வண்டிகளுக்கு வர்ணம் பூசுவோருக்கு உதவும் காகித நாடாவை 1925 ஆம் ஆண்டில் உருவாக்கினார். 1930 இல் செலோபேன் நாடாவையும் அவரே ஆக்கியளித்தார். செலோபேன் நாடாவின் பசை இறப்பரை அடிப்படையாகக் கொண்டது. இறப்பர்ப் பசை விரைவிற் பற்றும், விலையும் குறைவு. ஆயினும் வெப்பமும் காற்றிலுள்ள ஒட்சிசனும் அதனை நாளடைவிற் கெடுத்துவிடும். பழைய புத்தகத்தின் கிழிசலில் ஒட்டிய நாடா மஞ்சளாகிப் பிசுபிசுத்து, பின்னர் காய்ந்து உதிர்வதை நேயர்கள் கண்டிருப்பர். மடிக்கணினியின் உட்புறமோ மணிக்கணக்காகச் சூடேறியிருப்பது. ஆகவே அங்கே பெரும்பாலும் அக்கிரிலிக்குப் பசையும், வெப்பம் மிகுந்த இடங்களிற் சிலிக்கோன் பசையும் கையாளப்படுகின்றன. எழுதுபொருட் கடையில் வாங்கும் நாடாவும், மின்கம்பிகளுக்குச் சுற்றும் கறுத்த பீ.வீ.சீ. நாடாவும் இவ்விடத்தில் நிலைத்து நில்லாமைக்குக் காரணம் இதுவேயாகும்.

மடிக்கணினியினுள் உள்ள நாடாக்களை நிறத்தாலும் தன்மையாலும் இனங்காணலாம். தேன்நிறமாய் மெல்லியதாய் இருப்பது பொலியிமைட்டு நாடா. 1960 களில் துயூபொன் நிறுவனம் உருவாக்கிய இப்படலம் கப்டன் என்னும் பெயரால் அறியப்படும். இது மின்னைக் கடத்தாது. கடும் வெப்பத்தையும் தாங்கும். கறுப்பாய்த் துணிபோலத் தோன்றுவது அசிற்றேற்றுத் துணிநாடா. வடங்களை இடம்பெயராமற் பிடித்திருப்பது இது. செம்பு அல்லது அலுமினியத் தகடுபோல் மின்னுவது மின்காந்த இடையூற்றைத் தடுக்கவோ, ஓர் உறுப்பைச் சட்டத்துடன் மின்தொடர்புறச் செய்யவோ அமைந்தது. திரையின் ஓரத்தில் இருப்பது இருபக்கமும் ஒட்டும் மெல்லிய படலநாடா. பற்றரியின் கீழே சில பொறிகளில் இழுத்தால் நீண்டு விடுபடும் நாடா இருக்கும்.

மாற்று நாடாவைத் தேடப் புறப்படுமுன் நான்கு வினாக்களுக்கு விடை காணவேண்டும்.

முதலாவது, தடிப்பு. ஒட்டவேண்டிய இரு பாகங்களுக்கும் இடையே தயாரிப்பாளர் விட்ட வெளி மிகச் சிறியது. நாடா தடித்தால் மூடி பொருந்தாது, திரையும் அழுத்தமுறும். மெலிந்தால் பசை மறுபுறத்தைத் தொடாது. சாதாரண எழுதுதாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர் தடிப்புடையது. அளவுகருவி இல்லாதோர் பழைய நாடாவைத் தாளுடன் ஒப்பிட்டே ஓரளவு மதிப்பிடலாம். நல்ல தயாரிப்பாளர் ஒவ்வொரு நாடாவுக்கும் எண்ணிட்டு, அதன் விபரத்தாளையும் வெளியிடுவர். எடுத்துக்காட்டாக, செருமனியின் ரெசா நிறுவனத்தின் 4965 என்னும் இருபக்க நாடா 205 மைக்குரோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரின் ஐந்திலொரு பங்கிற்குச் சற்று மிகுந்த தடிப்புடையது. கடைக்காரரிடம் 'இருபக்க நாடா' என்று மட்டும் கேளாது, தடிப்பையும் அகலத்தையும் பசையின் இனத்தையும் சொல்லிக் கேட்பதே முறை. கைத்தொலைபேசி திருத்துவோருக்குப் பொருள் விற்கும் கடைகளில் 2, 3, 5 மில்லிமீற்றர் அகலச் சுருள்கள் கிடைப்பதுண்டு.

இரண்டாவது, மின்கடத்தல். உலோக நாடா இருந்த இடத்தில் உலோக நாடாவே வேண்டும். அவற்றுள்ளும் பசையினூடாக மின் செல்வன உள, செல்லாதனவும் உள. பல்மானியின் ஒரு முனையைத் தகட்டிலும், மறுமுனையைப் பசையுடன் ஒட்டப்பெற்ற உலோகத்திலும் வைத்து இதனைச் சோதிக்கலாம். காப்பு நாடா இருந்த இடத்திற் செம்புத்தகடு ஒட்டுவதோ பெருங்கேடு.

மூன்றாவது, வெப்பம். செயலியின் மீதும் வெப்பத்தகட்டின் கீழும் உள்ள மென்மையான பட்டை ஒட்டுதற்காக மட்டும் வைக்கப்பட்டதன்று; வெப்பத்தைக் கடத்துதற்காக வைக்கப்பட்டது. சாதாரண இருபக்க நாடா அதற்கு மாற்றாகாது.

நான்காவது, மீண்டும் திறக்கவேண்டுமா என்பது. இதனை மறந்து உடனொட்டும் பசைத்துளிகளை இடுவோர் பலர். அப்பசையின் ஆவி வெண்படிவாகப் படியும். அடுத்தமுறை திறக்க முயலும்போது பிளாத்திக்கு உடையும்.

தக்க நாடா கிடைத்தபின்னும் ஒட்டும் முறை தவறினால் பயனில்லை. அமுக்கும்போது பசை மெல்ல வழிந்து மேற்பரப்பின் நுண்பள்ளங்களை நிரப்புகிறது. அந்நெருக்கத்தாலேயே மூலக்கூறுகளிடையே கவர்ச்சி பிறக்கிறது. எண்ணெய்ப் பசையும் தூசும் பழைய பசையின் எச்சமும் இந்நெருக்கத்தைக் கெடுப்பன. எனவே ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்திய பின்னரே ஒட்டவேண்டும். பசைப்பக்கத்தை விரலால் தொடலாகாது. துடைத்த பிளாத்திக்கின் மீது நீர்த்துளி பரவாது முத்துப்போல் நின்றால், சாதாரண பசை அதிற் பற்றாது; அத்தகைய பரப்புக்கென ஆக்கிய நாடாவை நாடவேண்டும். ஒட்டியதும் வலிமை முழுமையடைவதில்லை. அக்கிரிலிக்கு நுரைநாடா அறைவெப்பத்தில் 20 நிமிடத்திற் பாதி வலிமையையும், 72 மணித்தியாலத்தில் முழு வலிமையையும் பெறும். மூடியதும் திரையை விசையுடன் திறந்து மூடிச் சோதித்தல் கூடாது.

பற்றரியின் நாடா தனிக்கவனத்துக்குரியது. இலித்தியம் பற்றரி வளைந்தாலோ துளைபட்டாலோ தீப்பற்றக்கூடும். மின்னிணைப்பைத் துண்டித்து, பற்றரியின் இணைப்பியைக் கழற்றிய பின்னரே எதையும் தொடவேண்டும். நாடா அறுந்துபோனால் உலோகக் கத்தியால் நெம்பாது, சிறிதளவு அற்ககோலை நாடாவின் மீது விட்டு, இளகிய பின்னர் பிளாத்திக்கு அட்டையால் மெல்ல விலக்குக. உப்பிய பற்றரியை மீண்டும் ஒட்டிவைத்தல் ஒருபோதும் ஆகாது. புதிய பற்றரிக்கு இழுத்தால் விடுபடும் நாடாவையே தெரிந்து, அதன் நுனி வெளியே தெரியுமாறு அமைத்தல் நன்று.

இவ்விடயம் இன்று சட்டமியற்றுவோரின் கவனத்தையும் ஈர்த்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் இயற்றிய பற்றரி ஒழுங்குவிதி, சில விலக்குகள் தவிர, சாதனங்களின் பற்றரியைப் பாவனையாளர் தாமே கழற்றக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்கிறது. அதற்குக் கரைப்பானோ சூடேற்றலோ தேவைப்படலாகாது. 2027 பெப்ரவரி 18 ஆம் திகதியை இவ்விதிக்குரிய தொடக்க நாளாகவும் அது குறித்துள்ளது. தயாரிக்கும்போதே திருத்துவதைப் பற்றியும் எண்ணவேண்டும் என்பதே இவ்விதியின் உட்பொருள்.

அவ்வாறு எண்ணாது ஒட்டப்பட்ட பொறிகளோ இன்னும் பல இல்லங்களில் உள்ளன. மாணவர் ஒருவரின் கல்விக்கும் சிறுவணிகர் ஒருவரின் கணக்குக்கும் துணைநிற்கும் பொறி, சிறுநாடா ஒன்று பொருந்தாமையாற் பயனற்றுப் போதல் வருந்தத்தக்கது. உரித்த நாடாவை எறிந்துவிடாது ஒரு தாளில் ஒட்டி, அது இருந்த இடத்தையும் அருகே குறித்துவைப்போருக்கு மாற்று நாடாவின் தடிப்பும் வடிவும் இனமும் அத்தாளிலேயே இருக்கும்.